ஐந்து நிமிடம் முந்திய பாங்கு

பெப்ரவரி 17, செவ்வாய்

வெளியே சைபருக்குக் கீழே இருபத்தெட்டு. பஸ் பதினொரு நிமிடம் பிந்தியது. வின்னிபெக்கில் இதற்கெல்லாம் கோபப்பட்டால் வருடத்தில் ஆறு மாதம் கோபமாகவே இருக்க வேண்டும்.

வேலையிடத்தில் நாள் முழுக்க நிமிடக் கணக்கில் பதிவு எழுதுகிறவள் வீட்டுக்கு வந்தும் எழுதுகிறாளே என்று இவர், என் கணவர், கேலி செய்வார். கேலி செய்ய ஆளில்லாமல் ஒரு வருடம் முடியப் போகிறது.

எங்கள் சானல் 27 மெத்தைக் கடைக்கு மேலே இருக்கிறது. சின்னக் கோபுரம், குறைந்த சக்தி. சுற்றுவீதியைத் தாண்டினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். ஆனால் பதினான்கு மொழிகள். அதில் எனக்குத் தெரிந்தவை இரண்டரை. மற்ற மொழிகளில் சரியான நிகழ்ச்சிதான் போகிறதா என்பதை முகங்களைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன். எது எப்போது வானில் போக வேண்டும் என்று பொத்தானை அழுத்துகிறவள் நான். முதலாளி கோஸ்டாஸ் கிரேக்கர். கிரேக்க நேரத்தில் தானே பாடுவார். முதலாளி என்பதால் ஒருவரும் நிறுத்தச் சொல்வதில்லை.

இன்று முஸ்லிம் நிகழ்ச்சியை நடத்துகிற ஸித்தீக் நானா நேர அட்டவணையோடு வந்தார். நாளை நோன்பு தொடங்குகிறது. ஒரு மாதத்துக்குத் தினமும் ஐந்தரை தொடக்கம் ஆறு மணிவரை அவர்களுடைய நேரம். முதலில் ஓதல், பிறகு உரை, சூரியன் மறைகிற நிமிடத்தில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு. கைத்தொலைபேசிக்காரருக்கு இது தேவையில்லை. நானாவும் அவருடைய மனைவி சுலைஹாவும் இருக்கிற முதியோர் கட்டடத்துக்காகத்தான் இது. அங்கே நாற்பது பேர் பொது மண்டபத்தில் ஒன்றாக இருந்து, அந்தப் பாங்கைக் கேட்டு நோன்பு துறக்கிறார்கள். இந்தக் குளிரில் பள்ளிவாசலுக்குப் போக முடியாதவர்கள்.

"எல்லாத்தையும் கொம்பியூட்டர் போடட்டும் தங்கச்சி. பாங்கை மட்டும் நீர் கையால போடும்" என்றார். "ஒரு நிமிசம் பிந்தினாக் காரியமில்லை. முந்தக் கூடாது. முந்தினா அண்டைய நோன்பு போச்சு."

"பயப்படாதேங்கோ நானா" என்றேன்.

பெப்ரவரி 18, புதன்

5.51க்குப் பாங்கு. மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு பொத்தானுக்கு இப்படிப் பயந்ததில்லை. கல்யாண வீடியோ ஐந்து நிமிடம் முந்தினால் யாருடைய தாலியும் அறுந்துவிடாது. இது அப்படி இல்லை.

சுலைஹா ஒரு போத்தலில் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தார். தேங்காய்ப்பால் தாராளம்.

பெப்ரவரி 20, வெள்ளி

5.54. சரி. குழாய் உறைந்துவிட்டது. திருத்துகிறவன் வரவில்லை.

பெப்ரவரி 23, திங்கள்

கோஸ்டாஸ் நேரம் விற்றபோது சூரியனைக் கேட்கவில்லை. சூரியன் தினமும் ஒன்றரை நிமிடம் பிந்திக்கொண்டு போகிறது. இன்று 5.59. நாளை 6.01. அதாவது நானாவின் நேரத்தைத் தாண்டி அடுத்தவரின் நேரத்துக்குள் போகிறது. "அடுத்த நிகழ்ச்சியை இரண்டு நிமிடம் நிறுத்து, பாங்கைப் போடு, பிறகு தொடரு" என்று கோஸ்டாஸ் முடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை பிலிப்பைன்ஸ் சமையல். அவர்களிடம் கேட்டேன். இறைச்சி இரண்டு நிமிடம் கூட அவியட்டும் என்று சிரித்தார்கள்.

புதனும் சனியும் தமிழ் நேரம். அதை நடத்துகிற குகதாசன் சிரிக்கவில்லை.

"எங்கட நேரத்துக்குள்ள அவையள் ஏன் வரவேணும்? நாங்களும் காசு குடுத்துத்தானே அக்கா செய்யிறம். நாளைக்கு ஒவ்வொருத்தரும் வருவினம்."

"ரெண்டு நிமிசம்தானே தம்பி."

"புதன்கிழமை முதலாவதாப் போறது அண்ணையின்ர நினைவஞ்சலி. ஆறு ஒண்டில இருந்து ஆறு ஆறு மட்டும். பாங்கு ஆறு மூண்டுக்கு. அண்ணையின்ர படத்தை நடுவில வெட்டவோ? நீங்களே சொல்லுங்கோ."

அண்ணை என்று அவன் சொன்னது இவரைத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பெப்ரவரி 25, புதன்

அவர் போய் ஒரு வருடம்.

காலையில் ஐயர் வந்து திவசம் செய்து வைத்தார். கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய், பாயசம். மகன் கல்கரியில் இருந்து வீடியோவில் பார்த்தான்.

மூன்று மணிக்கு வேலைக்குப் போனேன். லீவு எடுக்கச் சொன்னார்கள். அவருடைய அஞ்சலியை வேறு யாரும் போட எனக்கு மனம் இல்லை. ஆறு ஒன்றுக்குத் தொடங்கியது. நீலச் சட்டைப் படம், கொடிகாமத்தில் எடுத்தது, எங்கள் மகன் பிறந்த நாள் படம். பின்னால் தேவாரம். ஆறு ஐந்துக்குக் கடைசிப் படம். ஒரு செக்கன் கூட வெட்டுப்படவில்லை. நன்றாக அழுதேன்.

பாங்கும் போனது. கணினியின் நிகழ்ச்சிப் பட்டியல் கொஞ்சம் குதித்துவிட்டது போல. டெக்னீஷியனுக்குச் சொல்ல வேண்டும்.

பெப்ரவரி 26, வியாழன்

மத்தியானம் நானா போன் எடுத்தார். அஞ்சலியைப் பார்த்தாராம், நல்ல மனிசன் என்றார். பிறகு, "நேத்துப் பாங்கு கொஞ்சம் முந்தினதோ தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்லை நானா. ஆறு மூண்டுக்குத்தான் போட்டனான். மணிக்கூடும் சரி, கொம்பியூட்டரும் சரி."

மணிக்கூட்டைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதை.

"அப்ப சரி. நீர் சொன்னாச் சரிதான்" என்று வைத்துவிட்டார்.

நான் கையால் எழுதுகிற பதிவேட்டில் 6.03 என்றுதான் இருக்கிறது. கணினி தானாக எழுதுகிற பதிவை யாரும் பார்ப்பதில்லை.

இரவுச் சாப்பாடு நேற்றைய பாயசம் மட்டும்.

பெப்ரவரி 27, வெள்ளி

6.06 என்று அட்டவணையில் இருக்கிறது. 6.07க்குப் போட்டேன். நேற்றும் ஒரு நிமிடம் பிந்தித்தான் போட்டேன். பிந்தினால் காரியமில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் பிந்திய நிமிடத்தை எடுத்து முந்திய நாளில் ஒட்ட முடியாது.

மார்ச் 1, ஞாயிறு

ஞாயிறு எனக்கு லீவு. பொத்தான் லின்னின் கையில். அவள் வியட்நாம்காரி, கவனமானவள். படம் தெளிவாக வருகிறதா பார்க்கிறேன் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு முதியோர் கட்டடத்துக்குப் போனேன்.

மண்டபத்தில் நீள மேசைகள். ஒவ்வொரு தட்டிலும் மூன்று ஈத்தம்பழம், கோப்பையில் கஞ்சி. சோமாலி அம்மாக்கள் ஒரு பக்கம், வங்காளிகள் ஒரு பக்கம், பாகிஸ்தான்காரர், எங்கள் நானாவும் சுலைஹாவும். பாதிப் பேருக்கு மற்றப் பாதிப் பேரின் மொழி தெரியாது. பேச்சு குறைவு. எல்லோரும் எங்கள் சானலைப் பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்திருந்தார்கள். பாங்கு தொடங்கியதும் நாற்பது கைகள் ஒரே நேரத்தில் ஈத்தம்பழத்துக்குப் போயின. நான் அந்தக் கைகளைப் பார்த்தபடி சுவரோடு நின்றேன்.

ஆப்கானிஸ்தான்காரர் ஒருவர், நஜீப் என்று பெயர், தனியே மூலையில் இருந்தார். சுலைஹா அவரைக் காட்டிச் சிரித்தார்.

"அவற்ர போன் ஒண்டு இருக்கு, பாங்கு சொல்லுற போன். போன புதன் நாங்கள் எல்லாரும் துறந்து கஞ்சியும் குடிச்சாப் பிறகு அது கத்துது! சிரிச்ச சிரிப்பு. பாவம், மனிசன் கையைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னவர். ஆருக்கு விளங்குது? உம்மட போன் பழுது எண்டு எல்லாரும் சொல்லிப்போட்டினம்."

"நானா என்ன சொன்னவர்?"

"அவர்தானே முதல் சொன்னவர். டீவியில இருக்கிறது எங்கட ஊர்ப்பிள்ளை, அது பிழை விடாது எண்டு."

கஞ்சி தந்தார்கள். குடித்தேன். கோப்பையை நானே கழுவி வைத்தேன்.

மார்ச் 2, திங்கள்

நித்திரை இல்லை. பிரஷர் குளிசை ஒன்று கூடப் போட்டேன்.

மார்ச் 4, புதன்

மறுபடி தமிழ் நேரம். பாங்கு 6.14க்கு. நிகழ்ச்சியை நிறுத்தினேன், போட்டேன், தொடர்ந்தேன். முடிந்ததும் குகதாசன் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தான்.

"போன கிழமை செய்த மாதிரிச் செய்திருக்கலாமே அக்கா."

"என்ன செய்தனான்?"

"நான் ஸ்டூடியோவுக்குள்ள நிண்டனான்தானே. ரெண்டு நிமிசம் இருக்கேக்க, அவையின்ர நேரத்துக்குள்ளயே போட்டு முடிச்சிட்டீங்கள். நல்ல வேலை. எங்கட நேரம் எங்களுக்கு. ஒரு சனமும் கவனிக்கேல்லையே."

"அது பட்டியல் குதிச்சது தம்பி."

சிரித்தான். "நான் ஆருக்கும் சொல்லமாட்டன். நாங்கள் எங்களுக்குள்ள."

அவன் கெட்டவன் இல்லை. இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சூப் கொண்டுவந்தவன். ஆனால் அந்த 'எங்களுக்குள்ள' என்ற சொல்லைக் கேட்டதும் பதிவேட்டைத் திருப்பி அந்த 6.03ஐப் பார்த்தேன்.

சரி. எழுதிவிடுகிறேன். இதை வாசிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

பட்டியல் குதிக்கவில்லை. 5.58க்கு நான்தான் பாங்கை அழுத்தினேன். தெரிந்துதான் அழுத்தினேன். பதிவேட்டில் 6.03 என்று எழுதியதும் நான்தான். இவருடைய உயிர் போனது ஆறு ஐந்துக்கு. அந்த நிமிடத்தில் அவருடைய முகம் திரையில் இருக்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் வேறொன்றும் வரக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி. அஞ்சலியைப் பத்து நிமிடம் தள்ளிப் போட்டிருந்தால் ஒரு குறையும் வந்திராது. குகதாசன் மாட்டேன் என்றிருக்க மாட்டான். நான் கேட்கவில்லை. ஐந்து நிமிடம்தானே, வெளியே முகில், யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

நானாவிடம் சொல்லலாம். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு ஆள். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் துவக்கோடு வந்த எங்கள் இயக்கப் பெடியள், இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொல்லி, அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் உடுத்த உடுப்போடு அனுப்பினார்கள். நான் அந்தப் பக்கத்துப் பிள்ளை. முதல் நாள் சந்தித்தபோது ஊரில் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று கேட்டார். கோயிலடி என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

இப்போது போய் உங்கள் நோன்பை நான் கெடுத்துவிட்டேன் என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? வேண்டுமென்று செய்தாள் என்றுதானே?

வேண்டுமென்றுதான் செய்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிற நாள். லீவு நாளிலும் வேலையிடத்துக்குப் போய், லின்னோடு நின்று, அட்டவணையை மூன்று தரம் சரிபார்த்தேன். 7.21. இனி நானாவின் நேரம் ஏழேகாலிலிருந்து ஏழே முக்கால் வரை. பாங்கு இனி யாருடைய நேரத்துக்குள்ளும் போகாது. குகதாசனுக்கும் பிரச்சினை இல்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. எல்லாம் தானாக முடிந்துவிட்டது.

"உனக்குச் சுகமில்லையா?" என்று லின் கேட்டாள். நான்காம் தரமும் அட்டவணையை எடுத்தேனாம்.

மார்ச் 11, புதன்

நானா அடுத்த கிழமை உரைகளைக் கொண்டுவந்து தந்தார். போகத் திரும்பினார். "நானா, கொஞ்சம் இருங்கோ" என்றேன்.

இருந்தார். சொன்னேன். 5.58 என்றேன். கணினிப் பதிவை அச்செடுத்து முன்னால் வைத்தேன். போனில் பொய் சொன்னதையும், ஏன் செய்தேன் என்பதையும், ஆறு ஐந்தையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதால் அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும். அழவில்லை.

அவர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"நான் நாப்பது பேருக்கு முன்னால உமக்காகச் சொன்னனான்" என்றார்.

"தெரியும்."

"அந்த ஆப்கான் மனிசனைப் பாத்துச் சிரிச்சனான்."

திரையில் உக்ரைன் பாட்டுக்காரி ஒருத்தி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைத்திருந்தேன்.

"அண்டைய நோன்பை எல்லாரும் கழாச் செய்யோணும். பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள் திரும்பப் பிடிக்கோணும். சிலருக்கு எண்பது வயசு. சீனி வருத்தம்." தாளை மடித்தார். "நான் போய்ச் சொல்லமாட்டன். நீர் வந்து சொல்லும்."

மார்ச் 12, வியாழன்

கோஸ்டாஸிடமும் சொன்னேன். முதலில் கிரேக்கத்தில் கத்தினார், பிறகு ஆங்கிலத்தில். பதிவேட்டைப் பொய்யாக எழுதியதற்கு எச்சரிக்கைக் கடிதம். இன்னொரு முறை என்றால் வேலை இல்லை. மீதி நோன்புக்கு லின் பொத்தானை அழுத்துவாள். குகதாசனுக்கும் போன் எடுத்துச் சொன்னேன். "உங்களுக்கென்ன விசரோ அக்கா?" என்றான். வைத்துவிட்டேன்.

இன்று ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டேன்.

மார்ச் 14, சனி

ஏழு மணிக்கு மண்டபத்தில் நின்றேன். ஒலிவாங்கி தந்தார்கள், வேண்டாம் என்றேன். தமிழில்தான் சொன்னேன். எனக்கு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டால் வங்கியில் பேசுகிற மாதிரி இருக்கும்.

நானா ஆங்கிலத்தில் சொன்னார். ஹோடன் என்ற அம்மா அதைச் சோமாலியில் சொன்னார். ஒரு வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. வங்காளத்தில் ஒருவர் சொன்னார், அங்கே ஒரு கிழவர் தலையில் கை வைத்தார். பாகிஸ்தான்காரர் உருதுவில் சொன்னார். ஒவ்வொரு மொழியாக என் பிழை மேசை மேசையாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மேசையிலும் அது புதிதாக நடந்தது.

நஜீப்புக்குத்தான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு உருது அரைகுறை. பாகிஸ்தான்காரர் இரண்டு முறை சொன்னார். விளங்கியதும் அவர் எழுந்து சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அப்படியே சுற்றிவரக் காட்டினார். யாரோ சிரித்தார்கள், பிறகு பலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நானா எழுந்து போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

என்னை யாரும் திட்டவில்லை. ஹோடன் அம்மா மட்டும் நானாவிடம் ஒன்று கேட்டார். நானா எனக்குச் சொன்னார்: "உம்மட மனிசன்ர பேர் என்ன எண்டு கேக்கிறா." இராசநாயகம் என்றேன். ஹோடன் அம்மா அதைத் தன் வாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

7.31க்கு எங்கள் சானலில் பாங்கு வந்தது. லின் சரியாகத்தான் போட்டாள். ஒரு கையும் அசையவில்லை. நாற்பது பேரும் நஜீப்பின் மேசையைப் பார்த்தார்கள். இருபது செக்கன் கழித்து அவருடைய போன் கத்தியது. பிறகுதான் ஈத்தம்பழத்தை எடுத்தார்கள். அந்த இருபது செக்கன் எனக்கு வேண்டியதுதான்.

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நானாவும் பஸ் தரிப்பு வரை வந்தார். தொப்பி கூடப் போடவில்லை. உள்ளே போகச் சொன்னேன், கேட்கவில்லை.

"முப்பத்தஞ்சு வருசம்" என்றார். "ரொறன்ரோவில, இங்க, எத்தினை தமிழாக்களோடை பழகியிருப்பன். ஆராவது ஒராள் வந்து, உங்களை வெளியேத்தேக்க நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள் எண்டு சொல்லுவினமோ எண்டு பாத்தனான். ஒருத்தரும் சொல்லேல்லை. நீர் அஞ்சு நிமிசத்துக்கு வந்து சொல்லுறீர்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறியிருப்பேன்.

"நான் எங்கட வீட்டுப் படலைக்குள்ள நிண்டனான் நானா" என்றேன். "நீங்கள் எல்லாரும் போனது எங்கட ஒழுங்கையாலதான். கோயிலடி எண்டு சொன்னது பொய். ஒரு அம்மா தண்ணி கேட்டவ. அப்பா படலையைத் திறக்க விடேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். பஸ் வந்து கதவைத் திறந்தது. நாங்கள் இருவரும் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போனது.

"உள்ளுக்கு எத்தினை பேர் நிண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"அஞ்சு பேர்" என்றேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவருடைய பெயரையும் சொன்னேன்.